அந்தப் பக்கத்துச் செலவு

ஐந்து பவுண் ரெலிபோன் கார்டில் இலங்கைக்கு எத்தனை நிமிடம் கதைக்கலாம் என்று கேட்டால், ஒரு காலத்தில் என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த போஸ்டரில் இருந்தது. மற்றது எனக்குத் தெரிந்தது. கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாமில் ஒரு தமிழ்க் கடையில் சனி ஞாயிறுகளில் கல்லாவில் நின்ற காலம் அது. 2001-இல் தொடங்கிச் சில வருடங்கள். முகம் தெரிந்தவர் கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாதவர் கேட்டால் போஸ்டரைக் காட்டுவேன். போஸ்டரைக் காட்டுவது பொய் சொல்வதில் சேராது என்று மனதுக்குள் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன்.

கடையில் முருங்கைக்காய், கருவாடு, ஒடியல் மா, ஊதுபத்தி எல்லாம் விற்றோம். ஆனால் முதலாளியின் பற்று முழுவதும் கல்லாவுக்குப் பின்னால் தோரணமாகத் தொங்கிய கார்டுகளில்தான். ஒன்று விற்றால் கடைக்கு முக்கால் பவுணாவது நிற்கும். கத்தரிக்காய் இரண்டு நாளில் வாடிவிடும், கார்ட் வாடாது என்பார். மொத்த வியாபாரி கிழமைக்கொருமுறை வானில் வருவார். ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பெயர் கொண்டுவருவார்: மிருகங்களின் பெயர், பழங்களின் பெயர், ஆறுகளின் பெயர். அத்தனை பெயருக்கும் பின்னால் இரண்டு மூன்று கொம்பனிகள்தான் இருந்தன. அது கார்டின் பின்புறத்தில், மூக்குக்கண்ணாடி போட்டாலும் வாசிக்க முடியாத எழுத்தில் இருக்கும்.

வாடாது என்று முதலாளி சொன்னது சரியில்லை. கார்டும் வாடும். புதுப் பெயர் இறங்கிய முதல் கிழமை லைன் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். சொன்ன நிமிடத்துக்குக் கிட்டவாவது வரும். சனம் ஒருவருக்கொருவர் சொல்லி அதையே கேட்டு வாங்கும். இரண்டாம் மூன்றாம் கிழமையில் நிமிடம் குறையும், நாங்கள் கதைப்பது எங்களுக்கே திரும்பிக் கேட்கும், ஞாயிறு காலையில் லைனே கிடைக்காது. அதற்குள் வியாபாரி அடுத்த பெயரோடு வந்துவிடுவார். நல்ல கார்ட் எது என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே நேர்மையான பதில், “போன கிழமை வந்தது” என்பதுதான்.

அதன் உள்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் வேறு உருவத்தில் அதே கணக்குத்தான் ஓடுகிறது. வெள்ளிப் பூச்சைச் சில்லறைக் குற்றியால் சுரண்டினால் ஒரு ரகசிய இலக்கம் வரும். முதலில் இங்கேயே உள்ள ஒரு நம்பருக்கு அடித்து அந்த இலக்கத்தைக் கொடுக்க வேண்டும்; பிறகுதான் 0094. அந்த முதல் நம்பரிலேயே கணக்குத் தொடங்கிவிடும். கார்டின் பின்னால் இரண்டு இருக்கும்: 0800-இல் தொடங்குவது ஒன்று, 020-இல் தொடங்குவது ஒன்று. 0800 எங்களுக்கு இலவசம். அந்தச் செலவைக் கொம்பனி நிமிடங்களில் கழித்துக்கொள்ளும். 020-க்கு உள்ளூர்க் கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம். நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். போஸ்டரில் பெரிய எழுத்தில் இருந்தது எப்போதும் 020-இன் நிமிடம். பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை செய்த ஒரு பெடியன் 0800-ஐத் தன் கைத்தொலைபேசியிலிருந்து அடித்துவிட்டு மறுநாள் கடை வாசலில் வந்து நின்றான். கார்டும் முடிந்து, போனில் போட்டிருந்த காசும் முடிந்திருந்தது. அப்போது இலவசம் என்பது வீட்டு லைனுக்குத்தான். பிரித்தானியாவில் 0800 கைத்தொலைபேசிக்கும் இலவசமானது 2015 ஜூலையில்.

போஸ்டர் அறுபது நிமிடம் என்று சொல்லும். ஒரே மூச்சில் அறுபது நிமிடமும் கதைத்தால் அது பெரும்பாலும் உண்மை. யார் அப்படிக் கதைக்கிறார்கள்? ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு இணைப்புக் கட்டணம் இருந்தது. மூன்று மூன்று நிமிடமாக எண்ணுவார்கள். நாலு நிமிடம் கதைத்தால் ஆறு போய்விடும். முதல் தரம் பாவித்ததற்கு அடுத்த நாளிலிருந்து பராமரிப்புக் கட்டணம் என்று ஒன்று, நாங்கள் நித்திரையில் இருக்கும்போது கார்டைத் தின்னும். சனிக்கிழமை பத்து நிமிடம் கதைத்துவிட்டு மிச்சத்தை அடுத்த சனிக்கு வைத்தவர், அடுத்த சனி “போதிய மீதி இல்லை” என்ற குரலைத்தான் கேட்பார். இது எங்கள் தெருவில் மட்டும் நடந்த விளையாட்டில்லை. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2008-இல் இப்படிப்பட்ட கார்ட் கொம்பனிகள்மீது வழக்குப் போட்டது. கார்டுகளை வாங்கிச் சோதித்ததில், விளம்பரத்தில் சொன்ன நிமிடங்களில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது.

கல்லாவில் நின்றதில் எனக்கு ஒரு வசதி. எந்தக் கார்ட் இந்தக் கிழமை நல்லது என்று ஊர் முழுக்கத் திட்டித் திட்டி எனக்குச் சொல்லிவிடும். நான் அதிலே அம்மாவுக்கு எடுப்பேன். கடையில் நிற்கிறவர்களில் என்னைப்போல் மலிவாக ஊருக்குக் கதைக்கிறவன் இல்லை என்று ஒரு பெருமைகூட இருந்தது.

அம்மா கரவெட்டியில் இருந்தார். வீட்டில் ரெலிபோன் இல்லை. நெல்லியடிச் சந்தியில் ஒரு கொமினிகேசன், அதாவது காசுக்கு ரெலிபோன் கதைக்கிற கடை, இருந்தது. வடமராட்சியில் பாதிச் சனத்துக்கு வெளிநாட்டுக் குரல் அப்படிப்பட்ட கடைகள் வழியாகத்தான் வந்தது. வரும் ஞாயிறு இத்தனை மணிக்கு என்று முந்திய அழைப்பிலேயே பேசி வைத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்கு அம்மா அங்கே போய் இருப்பார். நான் எடுப்பேன். கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மிச்சத்தைச் சொன்னவர் சின்ன மாமி. போர் நின்றிருந்த சமாதான காலத்தில் மகளைப் பார்க்க லண்டன் வந்திருந்தார். நான் என் கெட்டித்தனத்தை, அதாவது எத்தனை பென்ஸுக்கு எத்தனை நிமிடம் என்பதை, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே விளக்கினேன். மாமி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “உன்ரை கோலுக்குக் கொம்மா எவ்வளவு குடுக்கிறா எண்டு தெரியுமே?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. எடுப்பது நான், அம்மா ஏன் கொடுக்க வேண்டும்?

கொமினிகேசனில் உள்ளே வருகிற அழைப்புக்கும் நிமிடக் கணக்கில் காசு. கடைக்காரர் தன் லைனையும் கதிரையையும் தருகிறார். அவருக்கும் பிழைப்பு வேண்டும்தானே. அதோடு போக வர பஸ். லண்டனில் ஞாயிறு காலை எல்லாரும் ஒரே கார்டைச் சுரண்டிக்கொண்டு நிற்பதால் லைன் கிடைக்காமல் நான் ஒரு மணித்தியாலம் அடித்துக்கொண்டிருப்பேன். அந்த ஒரு மணித்தியாலமும் அம்மா அந்தக் கதிரையில் இருப்பார். சில நாள் கடை பூட்டும்வரை இருந்துவிட்டு என் அழைப்பு வராமலே திரும்பியிருக்கிறார். அடுத்த முறை நான் “லைன் கிடைக்கேல்லை அம்மா” என்பேன். “அதுக்கென்ன மோனை” என்பார்.

மலிவு என்று நான் எண்ணிக்கொண்டிருந்தது என் பக்கத்தை மட்டும். நல்ல கார்ட் என்று நான் சொன்ன கார்ட், ஞாயிறு காலையில் நெரிசல்பட்டு அம்மாவின் அரை நாளைத் தின்ற கார்ட். மாமி போன பிறகு, கொஞ்சம் விலை கூடிய, ஆனால் முதல் தரத்திலேயே லைன் கிடைக்கிற ஒரு வழிக்கு மாறினேன். நேரத்தையும் புதன்கிழமைக்கு மாற்றினேன். புதன்கிழமை யாரும் ஊருக்கு எடுப்பதில்லை.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. கார்ட் முடியப்போகும்போது “ஒரு நிமிடம் மீதி” என்று அந்தப் பெண் குரல் இடையில் வந்து சொல்லும். அது எடுத்தவருக்கு மட்டுந்தான் கேட்கும், மறுபக்கத்துக்குக் கேட்காது. அம்மா ஆட்டுக்குட்டியிலிருந்து வேலிப் பிரச்சினைக்கும், வேலியிலிருந்து யாருடையவோ சாமத்தியச் சடங்குக்கும் போகும்போது எனக்குக் களைத்துவிடும். “அம்மா, காசு முடியுது எண்டு சொல்லுறாள்” என்பேன். “ஆர் மோனை?” “கார்ட்காரி.” உடனே அம்மா பதற்றப்பட்டு, சாப்பிட்டாயா, குளிருக்குத் தொப்பி போடுகிறாயா என்று அவசரமாக முடித்துவிடுவார். கார்ட்காரி சொன்ன நாட்களும் உண்டு. அவள் வாயே திறக்காத நாட்களும் உண்டு.

வளசரவாக்கத்தில் எனக்கு ஒரு பெரியம்மா இருந்தார். எண்பதுகளின் கடைசியில் சென்னைக்குப் போனவர். அவருக்கும் அம்மாவுக்கும் ஒரே கடையின் கார்டில்தான் எடுத்தேன். வருடங்கள் போகப் போக ஒரு விசித்திரம் நடந்தது. பெரியம்மாவின் நிமிடங்கள் கூடிக்கொண்டே போயின. அம்மாவின் நிமிடங்கள் கூடவில்லை. கடைசியில் இந்தியாவுக்கு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு பென்ஸ், இலங்கைக்குப் பத்துப் பன்னிரண்டு பென்ஸ் என்று வந்து நின்றது. சில வழிகளில் அதையும் தாண்டியது. நடுவில் கிடப்பது பாக்கு நீரிணை. வாடிக்கையாளர்கள் என்னைக் கேட்பார்கள், நான்தான் கடலில் வரி வசூலிப்பதுபோல.

விளக்கம் கேபிளிலோ தூரத்திலோ இல்லை. ஓர் அழைப்பு ஒரு நாட்டுக்குள் போய் யாருடைய போனிலாவது மணியடிப்பதற்கு, அங்கே உள்ள கொம்பனிக்கு ஒரு வாசல் காசு கொடுக்க வேண்டும். லண்டனில் கார்ட் விற்கிற எவரும் அந்தக் காசுக்குக் கீழே நேர்மையாக விற்க முடியாது. இரண்டு நாடுகளும் ஒரே வருடத்தில்தான் கதவைத் திறந்தன. இந்தியாவில் வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் வெளிநாட்டு அழைப்பு ஏகபோகம் 2002 ஏப்ரலில் முடிந்தது. இலங்கையில் 1997-இல் ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் ஸ்ரீலங்கா ரெலிகொமில் பங்கு வாங்கியபோது கொடுத்த ஐந்து வருடத் தனியுரிமை 2002 ஆகஸ்டில் முடிந்தது. அதற்குப் பிறகு பாதைகள் பிரிந்தன. இந்தியாவிலும் உள்வரும் வெளிநாட்டு அழைப்பின்மேல், கிராமப்புறத் தொலைபேசியின் நட்டத்தை ஈடுகட்டவென்று ஒரு மேலதிகக் கட்டணம் இருந்தது. 2008-இல் அதை எடுத்துவிட்டார்கள். வாசல் காசு பைசாக் கணக்குக்கு இறங்கியது. 2018-இல் அது நிமிடத்துக்கு 30 பைசா. இலங்கையோ 2004-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில் வெளிநாட்டு அழைப்புகளுக்கென்றே ஒரு வரியை எழுதி வைத்தது. பிள்ளைகள் வெளியே, பெற்றோர் உள்ளே என்றிருக்கிற நாட்டில் உள்வரும் அழைப்பு ஒரு ஏற்றுமதிப் பொருள்தானே. அரசு அதிலே டொலர் பார்த்தது. எங்கள் அம்மாமார் விக்கி விக்கிக் கதைத்த நிமிடங்களில் திறைசேரிக்கும் ஒரு பங்கு இருந்தது என்பது எனக்கு இன்றும் ஒரு கோபம்.

வாசல் இவ்வளவு விலையாக இருந்தால் வேலிக்குள்ளால் பூருகிறவர்களும் இருப்பார்கள். பின்னாளில் அம்மாவுக்குச் சொந்தப் போன் வந்த பிறகு, சில மலிவான கார்டுகளில் எடுத்தால் அதில் லண்டன் நம்பர் விழாது. 077-இல் தொடங்கும் ஏதோ ஒரு உள்ளூர் நம்பர் விழும். அம்மா யாரோ தெரியாத ஆள் என்று எடுக்காமல் விடுவார். நடந்தது இதுதான்: அழைப்பை இணையம் வழியாக நாட்டுக்குள் கொண்டுவந்து, ஒரு அறையில் பத்து நூறு உள்ளூர்ச் சிம்கள் செருகிய பெட்டி ஒன்றின் வழியாக, உள்ளூர்க்காரர் உள்ளூர்க்காரருக்கு எடுப்பதுபோல இறக்கிவிடுவார்கள். சிம் பொக்ஸ் என்று பெயர். சட்டவிரோதம்; பிடிபட்டவர்கள் பற்றிப் பத்திரிகையில் அவ்வப்போது வரும். குரல் விட்டு விட்டு வருவதற்கும், மூன்றாம் கிழமையில் கார்ட் செத்துப்போவதற்கும் ஒரு காரணம் இப்படிப்பட்ட அறைகள். போஸ்டரில் இலங்கைக்கு எல்லாரையும்விட இரண்டு மடங்கு நிமிடம் போட்டிருந்தால் ஒன்று அது பொய், அல்லது வேலிக்குள்ளால் போகிறது. மூன்றாவது காரணம் ஒன்றை நான் காணவில்லை.

கார்டுகளின் காலத்தை முடித்து வைத்ததில் எங்கள் ஆட்களுக்கே பெரிய பங்கு உண்டு. லெபாரா என்ற பெயர் 2001-இல் அதைத் தொடங்கிய மூன்று ஈழத்தமிழரின் பெயர்களின் ஆங்கில முதல் எழுத்துகள்: லியோன், பாஸ்கரன், ரதீசன். லைக்கா மொபைல் 2006-இல் வந்தது, அல்லிராஜா சுபாஸ்கரனுடையது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அந்தப் பெயர் 2014-இல் ‘கத்தி’ படத்தோடு அறிமுகமானது. எங்களுக்கு அது அதற்கு முன்பே சட்டைப்பைக்குள் இருந்தது. இவர்களுக்குச் சொந்தமாகக் கோபுரம் கிடையாது. பெரிய கொம்பனிகளிடம் மொத்தமாக நிமிடம் வாங்கி, சிம்மை ரெயில் நிலைய வாசலில் இலவசமாகக் கொடுத்து, வெளிநாட்டு அழைப்பில் பிழைக்கிற முறை. ரகசிய இலக்கம் இல்லை, சுரண்டல் இல்லை. நேரே 0094. நான் கல்லாவை விட்டுப் போன பிறகு ஒரு நாள் கடைக்குப் போனபோது, கார்டுகள் தொங்கிய இடத்தில் சிம்கள் தொங்கின.

2006 ஆகஸ்டில் போர் மறுபடி மூண்டு யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை மூடியதற்குப் பிந்திய காலத்தைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. போன் வேலை செய்யாத நாட்கள் இருந்தன. வேலை செய்த நாட்களில் யாரும் விலை கேட்கவில்லை. அது வேறு கட்டுரை.

2009-இல் போர் முடிந்த பிறகு அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு கைத்தொலைபேசி வந்தது, பட்டன் போன். அதிலே அம்மா முதலில் கற்றுக்கொண்டது மிஸ்ட் கோல். ஒரு மணி அடித்து வைத்தால் நான் திருப்பி எடுக்க வேண்டும். இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் அம்மா வைக்கவில்லை. நான் வழமைபோல விட்டுவிட்டுப் பார்த்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுத்தேன்.

“தம்பி, நான் எடுத்தால் மலிவாம். ரீலோட் கடைப் பெடியன் சொன்னவன்.”

நான் நம்பவில்லை. ஊரிலிருந்து வெளிநாட்டுக்கு எடுப்பது மலிவாக இருக்குமென்று எங்கள் தலைமுறைக்குத் தோன்றவே தோன்றாது. ஆனால் பெரிய வரி இருந்தது உள்ளே வரும் வழியில். வெளியே போகும் வழியில் கொம்பனிகள் போட்டி போட்டு விலையை இறக்கியிருந்தன. லண்டன் வீட்டு லைனுக்கு அம்மா ஒரு நிமிடத்துக்குக் கொடுக்கவேண்டிய ரூபாயைப் பவுணில் மாற்றிப் பார்த்தால், நான் அம்மாவுக்கு எடுக்கக் கொடுத்ததைவிடக் குறைவு. இத்தனை வருடம் கல்லாவில் நின்ற எனக்கு இதை நெல்லியடியில் ரீலோட் போடுகிற பெடியன் சொல்லித்தர வேண்டியிருந்தது.

ஆனால் அம்மா அன்று எடுத்தது என் கைத்தொலைபேசிக்கு. அதற்கு விலை பல மடங்கு. அம்மாவின் ரீலோட் நடுக்கதையில் முடிந்து லைன் அறுந்தது. வெளிநாட்டுக்கு எடுக்கிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். பிரித்தானியாவில், ஐரோப்பாவில், எடுக்கிறவர்தான் முழுச் செலவையும் கட்டுவார். கைத்தொலைபேசிக் கொம்பனிகள் தங்கள் வாசல் காசை வீட்டு லைனைவிட மிக உயரத்தில் வைத்திருந்தன. பிரித்தானிய ஒழுங்குமுறை அமைப்பான ஒவ்கொம் அதைப் படிப்படியாக வெட்டி, 2015-க்குள் ஒரு பென்ஸுக்கும் கீழே இறக்கியது. கனடா, அமெரிக்காவில் முறை வேறு. அங்கே கைத்தொலைபேசி வைத்திருப்பவர் உள்வரும் நிமிடத்துக்கும் தன் பக்கத்தில் கட்டுவார். நம்பரைப் பார்த்து அது வீட்டு லைனா கைத்தொலைபேசியா என்று சொல்லவும் முடியாது. அதனால் ஸ்காபரோவில் இருக்கும் அண்ணாவுக்கு எடுத்தால் எதற்கு எடுத்தாலும் ஒரே விலை. எனக்கு எடுத்தால் இரண்டு விலை. அம்மா இதை ஒரு வரியில் முடித்துவிட்டார்: “உனக்குத்தான் செலவு கூட.” நான் புரோட்பாண்டோடு சேர்ந்து சும்மா கிடந்த வீட்டு லைனுக்கு ஒரு போனை வாங்கிச் செருகினேன். மாதத்துக்கொருமுறை இங்கிருந்து அம்மாவின் நம்பருக்கு இணையத்தில் ரீலோட் போட்டுவிட்டேன். அழைப்புக்கான செலவை என் பக்கத்திலிருந்து அவர் பக்கத்துக்கு மாற்றினேன், அவ்வளவுதான். மொத்தம் பாதியாகக் குறைந்தது.

அதன் பிறகு வந்ததும் அதே வழியில் வந்ததுதான். ஸ்கைப் 2003-இலேயே வந்துவிட்டது. ஆனால் எனக்கு அது பயன்படவில்லை, ஏனென்றால் மறுபக்கத்தில் கணினி இல்லை. ஸ்கைப்பிலிருந்து போன் நம்பருக்கு எடுத்தால் அதே வாசல் காசு, அதே வரி. விலையை உடைத்தது இந்தப் பக்கத்துச் செயலி இல்லை. அந்தப் பக்கத்துக்கு டேட்டா வந்ததுதான். மருமகன் ஒருவன் கொழும்பிலிருந்து அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் கொண்டுபோய்க் கொடுத்து வைபரைப் போட்டுவிட்டான். வட்ஸ்அப்பில் குரல் அழைப்பு 2015-இல் எல்லாருக்கும் வந்தது. அடுத்த வருட நவம்பரில் முகமும் தெரியத் தொடங்கியது. நான் லண்டனில் எந்தப் புதுக் கார்டையும், எந்தப் புதுச் சிம்மையும் தேடவில்லை. முன்பு போட்ட அதே ரீலோட்டை டேட்டாவாகப் போட்டேன். வரி வாங்குகிறவருக்கு அது அழைப்பு என்றே தெரியாது.

முதல் கிழமை அம்மா முகத்தைப் போனுக்கு மிகக் கிட்ட வைத்துக் கதைத்தார். எனக்கு நெற்றித் திருநீறு மட்டுந்தான் தெரிந்தது. ஆடு, வேலி, சாமத்தியச் சடங்கு எல்லாம் முறையாக வந்தன. ஒரு மணித்தியாலம் போயிருக்கும். நான் கொட்டாவி விட்டதைப் பார்த்துவிட்டார். இப்போது பார்க்கவும் முடியுமே.

“இப்ப கார்ட்காரி வாறேல்லை என்ன?” என்றார்.

நான் இல்லை என்றேன். அம்மா சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை. போன் கூரையைக் காட்டிக்கொண்டிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் காசு கொடுத்து எடுக்கவேண்டிய அழைப்புகள் இருக்கின்றன. முல்லைத்தீவில் சித்தப்பா இன்றைக்கும் பட்டன் போன்தான். மாற்றச் சொன்னால் கோபம் வரும். பிறப்புச் சான்றிதழ் அலுவலாகக் கச்சேரிக்கு எடுக்க வேண்டுமென்றாலும், யாராவது பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது விடுதிக்கு எடுக்க வேண்டுமென்றாலும், 021-இல் தொடங்கும் வீட்டு லைன்தான். அதற்கென்று ஒரு செயலியில் சில பவுண் போட்டு வைத்திருக்கிறேன். போடுவதற்கு முன் எந்த நம்பருக்கு என்ன விலை, நொடிக் கணக்கா நிமிடக் கணக்கா, போட்ட காசு எத்தனை நாளில் காலாவதியாகும் என்று பார்ப்பேன், கல்லாப் பழக்கம். ஸ்கைப்பில் போட்டு வைத்திருந்தவர்கள் 2025 மே மாதத்தில் மைக்ரோசொப்ட் அதை மூடியபோது கொஞ்சம் ஓடித் திரிந்தார்கள். இன்னொரு பொறி வைஃபை அழைப்பு. வீட்டு வைஃபையில் இருப்பதால் இலவசம் என்று நினைத்து, வட்ஸ்அப்பில் இல்லாமல் சாதாரணமாக 0094 அடித்துவிடுகிறார்கள். வைஃபை உங்கள் கொம்பனியின் கோபுரத்துக்குப் பதிலாகத்தான் வேலை செய்கிறது. பில் வழமைபோல வெளிநாட்டு விலையில் வரும். என் மகளே இதில் மாட்டினாள், சித்தப்பாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லப்போய்.

அம்மாவின் டேட்டா மாதம் முப்பது நாளுக்கு என்று கணக்குப் பார்த்துப் போடுகிறேன். இருபதாம் திகதியே முடிந்துவிடுகிறது. என்னோடு கதைத்து முடிவதில்லை. யூடியூபில் சன் ரீவி நாடகங்கள். முடிந்த அன்று இரவு என் போனில் ஒரு மணி அடித்து நிற்கும். அண்ணாவுக்கு அப்படி அடிப்பதில்லை. கேட்டால், கனடாவில் இப்போது வேலை நேரம், அவனைக் குழப்பக்கூடாது என்கிறார்.